கண்மாய் வேலையை ஊரிடமே விட்டால் உருப்படுமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 2

சிவகங்கை மாவட்டத்தில் சின்ன ஊர். நூறு ஏக்கருக்குள் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் வந்து போகிறார்கள். கண்மாயை மராமத்துப் பார்க்கப் பணம் இருக்கிறதாம். ஆனால் "நீங்களே முன்னின்று செய்யுங்கள், நாங்கள் துணைக்கு நிற்கிறோம்" என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஊரில் யாருக்கும் எஸ்டிமேட் போடத் தெரியாது, லெவல் பார்க்கத் தெரியாது, பத்துப் பேர் கூடினால் பதினோரு பேச்சு. ஊரிடம் விட்டால் சண்டைதான் மிஞ்சும். காண்ட்ராக்டரிடம் விட்டு ஒழுங்காக மேற்பார்வை செய்தால் போதாதா?

பதில்: பிப்ரவரி 3, காலை

போதாது. காண்ட்ராக்டரை மேற்பார்வை செய்ய வேண்டுமானால் அவர் கையில் இருக்கும் எஸ்டிமேட் ஊருக்குத் தெரிய வேண்டும். அது தப்பாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் ஊர்தான் வேலையை நடத்துகிறது. இல்லாவிட்டால் கரையில் நின்று ஜேசிபியை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

நானும் மானாமதுரைப் பக்கம் ஆயக்கட்டுக்காரன். ஆயக்கட்டுக்காரர் சங்கத்தில் பொருளாளராக இருந்திருக்கிறேன். எங்கள் கண்மாயில் இரண்டு முறை பெரிய வேலை நடந்தது. முதல் முறை ஊர் நடத்தியது. இரண்டாம் முறை ஊர்ப் பெயரில் வேறொருவர் நடத்தினார். இரண்டையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் முறை தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தபோது கூட்டத்தில் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "தண்ணீர் ஏன் நிற்கவில்லை?" உள்வாய் (கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் பரப்பு) மேடிட்டுப் போச்சு, தூர் வாரணும் என்று பாதிப்பேர் சொன்னார்கள். வயதானவர்கள் தலையாட்டவில்லை. "உள்ளே தோண்டி என்ன, தண்ணி வர்ற வழியைப் பாருங்க" என்றார்கள். மறுநாள் எல்லோருமாக வரத்துக்காலை நடந்தே பார்த்தோம். எங்கள் எல்லையைத் தாண்டியதும் கால்வாயே தெரியவில்லை. இரண்டு கரையிலும் சீமைக்கருவேலம் அடைத்து, நடுவில் ஓர் ஆள் நுழையச் சந்து இல்லை. ஓரிடத்தில் கால்வாய்க்குள்ளேயே வரப்புப் போட்டு உழுதிருந்தார்கள். கண்மாயை இன்னும் எத்தனை அடி தோண்டியிருந்தாலும் அந்த வருஷமும் அது காய்ந்துதான் கிடந்திருக்கும்.

தூர் வாருவது எளிதாக அளக்கக்கூடிய வேலை. இத்தனை கன மீட்டர், இத்தனை ரூபாய் என்று பில் போட்டுவிடலாம், மண்ணுக்கும் விலை உண்டு. வரத்துக்கால் வேலையில் பக்கத்து ஊரோடு பேச வேண்டும், ஆக்கிரமித்தவனிடம் சண்டை போட வேண்டும், அதற்குப் பில் கிடையாது. எந்தக் காண்ட்ராக்டரும் அதைக் கேட்டு வாங்கிச் செய்ய மாட்டார். ஊர் செய்தது.

பிப்ரவரி 3, இரவு

லெவல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், காலையில் விட்டுப்போச்சு.

எங்கள் பள்ளமடை, அதாவது தாழ்ந்த மட்டத்தில் தண்ணீர் திறக்கும் மதகு, பழைய கல்மடை. அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வரைபடம் வந்தது. ஊரில் நீர்பாய்ச்சி, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர், ஒரு பெரியவர், படிக்காதவர். வரைபடம் அவருக்குப் புரியவில்லை. மடைக்கு முன்னால் குச்சி ஒன்றை நட்டு, "புது மடைக்கு அடிமட்டம் எங்க வரும்? காட்டுங்க" என்று பொறியாளரிடம் கேட்டார். அவர் காட்டிய இடம் பழைய கல்லுக்கு ஒரு முழம் மேலே. பெரியவர் விடவில்லை. "ஐயா, இந்தக் கடைசி முட்டளவுத் தண்ணிதான் தைக் கடைசியில கதிர் பாலேறுறப்ப காப்பாத்துது. நீங்க மேலே வச்சா தண்ணி உள்ளயே கிடக்கும், வயல் காயும்."

பொறியாளர் டம்பி லெவலை (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து வயல்வரை மறுபடி அளந்தார். பெரியவர் சொன்னது சரி. வரைபடம் மாறியது. நல்ல மனுஷர், முகம் சுளிக்கவில்லை. காண்ட்ராக்ட் வேலையாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. கான்கிரீட் போட்ட பிறகுதான் ஊருக்கு அடிமட்டம் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதை வைத்து "அப்போ இன்ஜினீயரே வேண்டாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் சொல்ல வந்தது அது இல்லை. அதே கண்மாயில் ஊர் முழுக்க ஒரே குரலாகக் கேட்டது கலுங்கை, அதாவது மிகுந்த தண்ணீர் வழியும் இடத்தை, ஓர் அடி உயர்த்த வேண்டும் என்று. அதிகத் தண்ணீர் நிற்கும், யாருக்குக் கசக்கும்? அதே பொறியாளர் மாட்டேன் என்றார். கலுங்கை உயர்த்தினால் மேற்கே உள்ள பட்டா நிலம் மூழ்கும், பழைய கரை அந்தப் பாரத்தைத் தாங்காது, ஐப்பசியில் ஒரே ராத்திரி பெரிய மழை பிடித்தால் கரை உடைந்து கீழே இருக்கும் காலனிதான் (தலித் மக்கள் குடியிருப்பு) முதலில் போகும் என்று கரையில் நின்றபடியே விளக்கினார். கலுங்கை உயர்த்தாமல் விட்டுவிட்டோம்.

பெரியவருக்கு மடை தெரியும், பொறியாளருக்குக் கரை தெரியும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று பேசும்படி யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஊர் கூப்பிட்டுப் பொறியாளர் வந்தால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மேலிடம் அனுப்பி வந்தால் அவர் மேலிடத்துக்குத்தான் பதில் சொல்வார்.

பிப்ரவரி 7

சண்டை வரும் என்கிறீர்கள். வரும். வேலை நடக்கும்போது வரும் சண்டை பெரும்பாலும் கணக்குச் சண்டை, அதற்கு மருந்து உண்டு.

எங்கள் சங்கம் பதிவு செய்த சங்கம். வங்கிக் கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து. இதெல்லாம் எல்லா ஊரிலும் இருக்கும். எங்களைக் காப்பாற்றியது அமாவாசைக் கூட்டம். அன்றைக்கு ஏர் பூட்ட மாட்டார்கள், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். சாவடியில் உட்கார்ந்து செலவு நோட்டை வரி வரியாக வாசிப்போம். தொகையை மட்டும் சொன்னால் ஆகாது. யாருக்கு, எதற்கு, என்ன ரேட்டு, எல்லாம் சொல்ல வேண்டும்.

ஒரு கூட்டத்தில் ஜேசிபி வாடகையை வாசித்துக்கொண்டிருந்தேன். ஓர் அப்பத்தா, அதுவரை வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், "டீசல் யாரு போட்டது?" என்றார். நாங்கதான் என்றேன். "டீசல் நம்ம போட்டா வாடகை எதுக்கு அதே ரேட்டு? எம் பேரன் தோட்டத்துல ஓடுனப்ப டீசலோட சேத்துத்தானே அந்த ரேட்டு?" கூட்டம் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தது. அங்கேயே வண்டிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். மணிக்கணக்கு ரேட்டை அவர் இறக்கிக்கொண்டார். அந்த வேலை முடிகிறவரை ஒருத்தரும் சங்கத்தைத் திருட்டுக் கும்பல் என்று சொல்லவில்லை. ஏனென்றால் கேட்டவர்களுக்குக் கேட்ட இடத்திலேயே பதில் கிடைத்தது.

ஆடிட்டர் பார்க்கும் கணக்கில் ரசீது சரியாக இருக்கும். டீசலோடு சேர்த்த ரேட்டா, சேர்க்காததா என்று ஆடிட்டர் கேட்க மாட்டார்.

பிப்ரவரி 9

மேலே ஒருவர் குடிமராமத்து, அதாவது ஊர் மக்களே கண்மாயைப் பராமரிக்கும் வழக்கம், என்பது நம் முன்னோர் தந்த பொற்காலம், வெள்ளைக்காரன் வந்துதான் ஊரைக் கெடுத்தான் என்று எழுதியிருக்கிறார். பாதி உண்மை. கண்மாய்ப் பராமரிப்புக்கு ஊரிடம் இருந்த மானிய நிலமும் வருமானமும் பிரிட்டிஷ் ஆட்சியில் போனது உண்மை. அதே ஆட்சி 1858இல் கட்டாய வேலைச் சட்டம் போட்டு, "மராமத்து உங்கள் வழக்கம்தானே, வந்து செய்" என்று ஆட்களை வற்புறுத்தியதும் உண்மை. வருமானத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் ஊர் தலையில் கட்டியது. இன்றைக்கு மக்கள் பங்கேற்பு என்று வரும் சில திட்டங்களைப் பார்க்கும்போது இந்தச் சட்டம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

மறு பாதிக்கு வாருங்கள். அந்தப் பழைய ஏற்பாட்டில் மண் சுமந்தது யார்? ராத்திரி மடையில் இறங்கி மூச்சடக்கி அடைப்பைத் திறந்தது யார்? பெரும்பாலும் நிலம் இல்லாத தலித் மக்கள். தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்று தீர்மானித்தது வேறு ஆட்கள். நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் கட்டு நெல் கொடுத்தார்கள், சபையில் பேச இடம் கொடுக்கவில்லை. அதை அப்படியே திரும்பக் கொண்டுவருவதுதான் ஊர் முன்னின்று நடத்துவது என்றால் எனக்கு வேண்டாம்.

ஊர் என்றால் ஒரே ஆள் இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித்தொகுதி என்ற ஒரே காரணத்துக்காக 1996 முதல் பத்து வருஷம் தேர்தலையே ஒழுங்காக நடக்க விடவில்லை, 2006இல்தான் நடந்தது. "ஊர் முடிவு செய்யும்" என்று யாராவது சொன்னால் எந்தத் தெரு முடிவு செய்யும் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 10

"அப்படியானால் உங்கள் ஊர்ச் சங்கத்தில் காலனிக்காரர்கள் இருந்தார்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

தொடக்கத்தில் இல்லை. ஆயக்கட்டில் நிலம் இருப்பவர்தான் உறுப்பினர் என்று விதி. நிலம் மேலத்தெருவிலும் நடுத்தெருவிலும்தான். காலனியில் இரண்டு மூன்று குடும்பத்துக்கு மட்டும் இருந்தது. தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண் பிள்ளை ஒருவர்தான் இதைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் அவர் வாதாடவில்லை. கண்மாயால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று தெருத்தெருவாக எழுதி வந்து வாசித்தார். நிலம் உள்ளவனுக்குத் தண்ணீர். நிலம் இல்லாதவனுக்கு மாடு குடிக்கும் தண்ணீர், மேய்ச்சல், விறகு, மீன், நாற்று நடவில் கூலி. கண்மாய் நிறையாவிட்டால் முதலில் வேலை தேடித் திருப்பூருக்குப் போவது காலனி. அப்புறம் கண்மாய் ஆயக்கட்டுக்காரனுக்கு மட்டும் எப்படிச் சொந்தம்?

பேச்சு முடிந்தது மீன்பாசியில், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையில். எங்கள் பக்கத்தில் கண்மாய் மீன் ஏலத்துக்குச் சட்டப்படி ஒரு வழி உண்டு, ஊர் வழக்கம் என்று இன்னொரு வழியும் உண்டு. ஊர் வழக்கத்தில் ஏலப் பணம் கோயில் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திருவிழாவில் காலனிக்கு என்ன இடம் என்று நான் எழுத வேண்டியதில்லை. பல அமாவாசைப் பேச்சுக்குப் பிறகு, மீன் பணத்தில் ஒரு பங்கு கண்மாய்ப் பராமரிப்புக்கு, மீதி எல்லாத் தெருவுக்கும் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, முடிவானது. ஏக்கர் கணக்கு என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். அவர்களில் ஒருவர் எனக்குச் சொந்த மாமா, அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை.

அந்த முடிவுக்குப் பிறகுதான் காலனியிலிருந்து இரண்டு பேர் நிர்வாகக் குழுவுக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் கரையில் காவல் நிற்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 15

இனி அந்த இரண்டாம் முறை வேலை.

2017இல் மாநில அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி ரூபாய். விவசாயிகள் பத்து சதவீதம் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும், ஆயக்கட்டுதாரர் சங்கமே வேலையைச் செய்யும் என்பது விதி. காகிதத்தில் வாசித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் சொன்னதையே அரசு சொல்லுகிறது என்று நினைத்தேன். நன்றாக நடந்த ஊர்களும் உண்டு, நானே போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதைத் தொடர்ந்து வந்த வருஷங்களில் எங்கள் ஊர் முறை வந்தது. எங்களுக்கு நடந்தது வேறு. இருந்த சங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, வேலைக்காகவே புதிதாக ஒரு சங்கம் முளைத்தது. தலைவர் யார் என்று ஊருக்குப் பிறகுதான் தெரியும். பத்து சதவீதத்தை ஒரே ஆள் கட்டினார். அவர் விவசாயியே இல்லை. கட்டியவருக்கு வேலை போனது. உள்வாயில் ஒரு மூலையை மட்டும் ஆழமாகத் தோண்டினார்கள், அங்கேதான் மண் நன்றாக இருந்தது. வரத்துக்காலில் கருவேலம் மறுபடி தழைத்துக் கிடந்தது, யாரும் தொடவில்லை. எஸ்டிமேட் கேட்டுப் போனவர்களிடம் "உங்க சங்கம்தானே செய்யுது, அங்க கேளுங்க" என்றார்கள்.

பங்குத்தொகை வாங்குவதை மக்கள் தலைமை என்று காட்டுவது இப்படித்தான் முடியும். நமக்கு நாமே திட்டம் ஞாபகம் இருக்கும். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று வந்தபோது, பாதிக்கு மேல் கட்டினால் கட்டியவரே வேலையை எடுத்துச் செய்யலாம் என்று ஒரு சலுகை இருந்தது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சமுதாயக்கூடம் என்று எத்தனையோ நல்ல காரியம் அதில் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதித் தொகை கட்ட எந்த ஊரால் முடியும்? வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊரால் முடியும், ஆலை பக்கத்தில் இருக்கும் ஊரால் முடியும். பங்குத்தொகையை வைத்து உரிமையை அளந்தால், ரொம்பத் தேவைப்படும் ஊர் கடைசியில் நிற்கும்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பங்குத்தொகையே கூடாது என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. முதல் வேலைக்கு நாங்களும் பங்கு போட்டோம். ஏக்கருக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வசூல், முடியாதவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பணம் போட்டவன்தான் அமாவாசைக் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்டான். அதனால் பங்கு இருக்கட்டும். பலர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். ஒரே ஆள் மொத்தமாகக் கட்டுகிறேன் என்று வந்தால் வாங்கவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. சங்க விதியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 16, இரவு

அலங்கார வளைவு கட்டலாமா என்று உங்கள் ஊர் இளைஞர்கள் கேட்கிறார்களாம். மடைக்குப் பலகையும் திருகாணியும் வாங்கின பிறகு பார்க்கலாம்.

பிப்ரவரி 22

குத்தம்பாக்கம், ஓடந்துறை பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். பேச வேண்டிய ஊர்கள்தான்.

ஓடந்துறை மேட்டுப்பாளையம் பக்கம். ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் ஊராட்சி தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு 2006இல் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆன முதலீடு. மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து வந்த பணத்தில் கடனை அடைத்தார்கள். ஓர் ஊராட்சியை நம்பி வங்கி கடன் கொடுத்ததே பெரிய விஷயம்.

குத்தம்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம். இளங்கோ ரங்கசாமி, வேதிப்பொறியியல் படித்து வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி 1996இல் தலைவரானவர். அங்கே நடந்ததில் எனக்குப் பிடித்தது கழிவுநீர்க் கால்வாய்க் கதை. பக்கத்துக் கிரானைட் ஆலைகளில் வீணாகக் கிடந்த கல்லை வைத்துக் குறைந்த செலவில் கால்வாய் கட்டினார்கள். விதிப்படி போட்ட மதிப்பீட்டிலிருந்து விலகினார் என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது, பதவி திரும்ப வந்தது. விதி அரசுப் பணத்தைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மிச்சம் பிடித்தவனையும் தின்றவனையும் ஒரே தராசில் வைக்கும் விதியை மாற்றாமல், ஊரே நடத்தட்டும் என்று சொல்வதில் பொருள் இல்லை.

இந்த இரண்டு ஊரையும் பார்க்கும்போது ஒரு தயக்கமும் உண்டு. இரண்டிலும் கதை ஒரு நல்ல தலைவரைச் சுற்றி நிற்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லாவிட்டால்? எங்கள் ஊரில் இருந்ததில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு நோட்டு, ஓர் அமாவாசை, கேள்வி கேட்கும் ஓர் அப்பத்தா. அதை வைத்தே ஓட்டினோம். ஆகவே நல்ல தலைவர் கிடைக்கட்டும் என்று உங்கள் ஊர் காத்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 25

கிராம சபைக்குப் பத்துக் கையெழுத்து இருந்தால் போதும் என்று ஒருவர் எழுதியது தவறு. குறைந்தபட்ச வருகை மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வராதவர் கையெழுத்தைப் போட்டு நோட்டை மூடுகிறார்கள் என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம்" என்றும் எழுதியிருக்கிறார். போன மாதம்தானே அரிட்டாபட்டியில் பார்த்தோம். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்ததும் மேலூர்ப் பக்கத்து ஊர்கள் நவம்பரில் கிராம சபையில் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் தனியாகச் சாதிக்கவில்லை, நடந்த கால்கள் சாதித்தன. ஆனால் அந்தக் கால்கள் எதற்காக நடந்தன என்பதைச் சொல்ல ஒரு கிராம சபை நோட்டு இருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற ஊர்தான் வேண்டும் என்பதையும் சொல்ல முடியும்.

பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் இதே நிலையில் இருந்தோம். அந்த மூன்று வருஷத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட ஒன்றிய அலுவலகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் கொண்டுவந்து, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். இங்கே தேர்தலை நேரத்துக்கு நடத்துவதற்கே வழக்குப் போட வேண்டியிருக்கிறது. உங்கள் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள கண்மாய் என்பதால் இது உங்களையும் தொடும். அனுமதிக் கடிதத்தை யார் பெயரில் வாங்குவது என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 2

தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்களாம், கேள்வி கேட்டவர் சொன்னார். அவர்களுக்குச் சிலது.

கூட்டத்தைப் பகல் பதினோரு மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். பெண்கள் வரவில்லை, ஆர்வம் இல்லை என்று அறிக்கையில் எழுதுவீர்கள். ராத்திரி ஏழரைக்கு மேல், ஒரு கூட்டமாவது காலனியில் வையுங்கள். சாவடிக்கு எல்லோரும் வரலாம் என்று அறிவித்துவிட்டால் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள்.

ஊருக்கு உண்மையில் முடியாத வேலை காகித வேலை. புலப்பட நகல், கிராம வரைபடம், அ-பதிவேடு, வரத்துக்கால் சர்வே எண், இந்த நில ஆவணங்களையெல்லாம் வாங்க ஒரு விவசாயி எத்தனை நாள் கூலியை விட்டு அலைவான்? நீங்கள் அலையுங்கள். வாங்கியதை உங்கள் ஆபீசில் வைக்காமல் ஊரில் வையுங்கள். சர்வேயரை வரவழையுங்கள். எஸ்டிமேட்டைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் அளவும் ரேட்டும் போட்டுச் சாவடிச் சுவரில் ஒட்டுங்கள். கணக்கு எழுத இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

பக்கத்து ஊர்களோடு பேச்சைத் தொடங்கி வையுங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு கண்மாய் கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. ஒரே ஊரைத் திருத்தினால் பாதி வேலைதான். மதுரையை மையமாக வைத்துத் தானம் அறக்கட்டளை வளர்த்த வயலகங்கள் (கண்மாய் விவசாயிகளின் சங்கங்கள்) ஊர் அளவில் நின்றுவிடாமல், ஒரே வரத்தில் இருக்கும் கண்மாய்களைச் சேர்த்துக் கூட்டமைப்பாகப் போனதற்குக் காரணம் இதுதான். மேல் கண்மாய்க்காரனும் கீழ்க் கண்மாய்க்காரனும் ஒரே பாயில் உட்கார மூன்றாம் ஆள் ஒருவர் கூப்பிட வேண்டியிருக்கிறது. அந்த மூன்றாம் ஆளாக நீங்கள் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் போய்விடாதீர்கள். இரண்டு மழைக்காலம் இருங்கள். முதல் வருஷம் தண்ணீர் நிறைந்தால் எல்லோரும் நல்லவர்கள். குறைந்த வருஷம் யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்று பேச்சு வரும்போதுதான் சங்கம் உண்டா இல்லையா என்று தெரியும். நிதி ஆண்டு முடிகிறது, அறிக்கை கொடுக்க வேண்டும் என்று உங்கள் மேலிடம் நெருக்கும், எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை ஊருக்காக நீங்கள்தான் போட வேண்டும்.

மார்ச் 4

"ஊர் வேண்டாததைத் தேர்ந்தெடுத்தால்? கண்மாயை விட்டுக் கோயில் மண்டபம் கேட்டால்?" என்று ஒரு தனிச்செய்தி. கேட்கும். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். எங்களுக்குத் துணைக்கு வந்த தொண்டு நிறுவனத்துப் பிள்ளைகள் முடியாது என்று நேராகச் சொன்னார்கள், காரணத்தையும் சொன்னார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் தங்கள் இஷ்டப்படி செய்கிறவர்களிடம்தான் ஊருக்குக் கோபம் வரும்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அடுத்த அமாவாசைக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், காலனியிலும் ஒன்று தனியாக. நல்லது.

பங்குனி, சித்திரை கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்த மறுநாளே வரத்துக்காலை நடந்து பாருங்கள். பெரியவர்களையும் மேல் ஊரில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அடைப்பு இருக்கும் இடத்தையெல்லாம் போனில் படம் எடுத்துச் சர்வே எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். கருவேலத்தை வெட்டினால் போதாது, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டு விட்டால் அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் தழைக்கும். அந்த விறகை ஏலம் விட்டால் வரும் பணத்தைச் சங்கக் கணக்கில் முதல் வரவாக எழுதுங்கள். மடை வேலையை ஆடிக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு தொடங்கினால் மழை பிடித்துக்கொள்ளும். பழைய மடைக்கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதன் அடிமட்டத்தை அளந்து, கரையில் அசையாத ஒரு கல்லில் பெயிண்ட் அடித்துக் குறித்து வையுங்கள்.

எஸ்டிமேட் வந்ததும் இங்கே போடுங்கள். மண் அளவுக் கணக்கை நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.